கருவி ஆசிரியருக்கு, ரசீது யாருக்கு?

ஜூன் மாதத்தில் திருக்கடையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் ரொக்கம் புழங்காது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் ஏறிய பணம், கூட்டுறவுச் சங்கக் கடனை அடைத்தது, நகையை மீட்டது, வைகாசிக் கல்யாணங்களுக்கு மொய் வைத்தது என்று கரைந்திருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2024-இல் நடந்ததுபோல அது ஜூலை 28 வரை தள்ளிப்போவதும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாள் பிடிக்கும் என்றாலும், போர்வெல் வைத்திருப்பவர்கள் அதற்குள் குறுவைக்கு நாற்று விட்டிருப்பார்கள். விதை, உழவு, உரம், நடவுக்கூலி என்று அந்த மாதம் முழுக்கக் கையை விட்டுப் போகிற பணம்தான். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மாதம். கட்டணம், நோட்டு, சீருடை, வேன் எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன ஊர் மெட்ரிக் பள்ளியின் ரசீதில்கூட இப்போது இன்னொரு வரி இருக்கக்கூடும்: ‘ஸ்மார்ட் கிளாஸ்’ அல்லது ‘ஆப்’.

அந்த வரிக்கு நேரே உள்ள தொகையை முடிவு செய்தவர் பெரும்பாலும் பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கிறார். மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அவரிடம் பல கணக்குகள் உண்டு. குறுவைக் கணக்கு கிடையாது. இணையவழி வகுப்பறைக் கருவிகளின் விலையைப் பற்றிய பேச்சு எப்போதும் ‘எவ்வளவு’ என்பதைச் சுற்றியே நடக்கிறது. யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது என்பவை அதற்கு முந்திய கேள்விகள். தினமும் கருவியைக் கையாளுகிற ஆசிரியர் அதற்குப் பணம் கட்டுவதில்லை என்பதுதான் இந்தச் சந்தையின் விசித்திரம். அரசு கட்டுகிறது, தாளாளர் கட்டுகிறார், பெற்றோர் கட்டுகிறார்கள், சில சமயம் சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர் கட்டுகிறார். கட்டுகிறவர் யாரோ அவருக்கு ஏற்றபடி விலை வளைகிறது; விலையோடு சேர்ந்து கருவியும் வளைகிறது.

இது இணையத்தோடு பிறந்த சிக்கல் இல்லை. திருச்சி பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மூன்று தலைமுறையாகப் புழங்குகிறது. பாடம் நடத்துகிற ஆசிரியருக்கும் அது துணை, தேர்வுக்குப் படிக்கிற மாணவருக்கும் துணை. உரைநூல், கைடு வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பள்ளி திறக்கும் சமயத்தில் பிரதிநிதி வந்து ஆசிரியருக்கு ஸ்பெசிமன் காப்பி கொடுத்துவிட்டுப் போவார். அது இலவசம். ஆசிரியர் வகுப்பில் அதைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், மீதிப் பிரதிகள் கடைத்தெருவில் தானாக விற்கும். இன்று மென்பொருள் நிறுவனங்கள் பெரிய உத்தியாகப் பேசுகிற ‘ஆசிரியருக்கு இலவசம், பிரீமியம் வேண்டுமானால் கட்டணம்’ என்ற முறையை நம் கைடு வியாபாரிகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தார்கள். அதில் ஒரு நேர்மையும் இருந்தது. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு மாணவர் வேறு கைடு வாங்கிக்கொள்ளலாம். பழையதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம்.

இன்னும் பழைய உதாரணம் திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டுகளில் அங்கே பள்ளி நடத்தினார். பிள்ளைகளிடம் காசு வாங்கவில்லை. பாடப்புத்தகத்துக்கு அச்சு வேண்டும். அச்சுப்பொறியை லண்டனிலிருந்த கிறித்தவ அறிவு பரப்பும் கழகம் அனுப்பிவைத்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் எக்கச்சக்கமாகச் செலவானது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கான ஈயம், லண்டன் நண்பர்கள் அனுப்பிய பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த தகட்டிலிருந்து கிடைத்தது. பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். இத்தனை செலவையும் ஏற்ற புரவலர்கள் எதை முதலில் அச்சிடச் சொல்வார்கள்? புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக வெளிவந்தது. கணக்கும் இலக்கணமும் காத்திருந்தன. குற்றமாகச் சொல்லவில்லை, செலவு செய்தவர் நோக்கம் அது. இலவசமாக வருகிற கருவி எதுவானாலும் புரவலரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் காலத்துப் புரவலர் கூகுள். 2014 ஆகஸ்டில் வந்த கூகுள் கிளாஸ்ரூம் பள்ளிகளுக்கு இலவசம். அதோடு கொடுத்த அளவில்லாத சேமிப்பிடத்தை, உலகம் முழுக்கப் பள்ளிகள் பழகிய பிறகு, 2022-இலிருந்து ஒரு நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று சுருக்கினார்கள். சின்னப் பள்ளிக்கு அது தாராளம், பல்கலைக்கழகங்கள்தான் அலறின. ஜூம் இலவசக் கூட்டத்துக்கு வைத்த வரம்பு 40 நிமிடம். நம் பள்ளிகளில் ஒரு பீரியட் 40, 45 நிமிடம். ஊரடங்கில் எத்தனையோ ஆசிரியர்கள் நாற்பதாவது நிமிடத்தில் வகுப்பு அறுந்து, அடுத்த இணைப்பை அனுப்பி, பாதிப் பிள்ளைகள் திரும்பி வராமல் போனதைப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் பள்ளிகளுக்கு மட்டும் அந்த வரம்பை ஜூம் தளர்த்தியது. ஆனால் அதற்குப் பள்ளியின் பெயரில் மின்னஞ்சல், விண்ணப்பம் எல்லாம் வேண்டும்; சொந்த ஜிமெயிலில் வகுப்பு எடுத்த நம் டீச்சருக்கு அந்தச் சலுகை எட்டவில்லை.

இலவசத்துக்கு இன்னொரு ஆபத்து, ஒருநாள் அது நின்றுபோகும். எட்மோடோ 2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய இலவச வகுப்பறைத் தளம். இந்தியாவிலும் அதைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் உண்டு. 2018-இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கைமாறி, 2022 செப்டம்பர் 22-இல் மூடப்பட்டது. வருமானத்துக்கு வழி காணாமலே பல கோடிப் பேரைச் சேர்த்துவிட்டால் இதுதான் முடிவு. பணம் கட்டியிருந்தால் ‘என் மதிப்பெண் பட்டியல் எங்கே’ என்று கேட்கவாவது ஓர் உரிமை இருந்திருக்கும். தகவலையும் விளம்பரத்தையும் விலையாக வாங்கிக்கொண்டு இலவசமாகக் கொடுப்பதும் இனி இந்தியாவில் அத்தனை சுலபமில்லை. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை போடுகிறது.

இதெல்லாம் இருக்க, காவிரி டெல்டாவில் வென்ற வகுப்பறைக் கருவி எது என்று கேட்டால் வாட்ஸ்அப் என்பதுதான் பதில். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற ஒரு டீச்சரின் போனை வாங்கிப் பாருங்கள். ‘7-பி பேரன்ட்ஸ்’, ‘ஸ்டாஃப்’, ‘சயின்ஸ் டீச்சர்ஸ்’ என்று வரிசையாகக் குழுக்கள். நாளைக்கு அவரைக்கொடி இலையும் செம்பருத்திப் பூவும் கொண்டுவரச் சொல்லும் வாய்ஸ் நோட், திருத்திய நோட்டின் படம், யாரோ அனுப்பிய வினாத்தாள், இவற்றுக்கு நடுவே காலை வணக்கத்துப் படங்கள். நினைவகம் நிறைந்துவிட்டது என்று போன் தினமும் எச்சரிக்கிறது. மறுமுனையில் வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு வயலுக்கோ மீன் ஏலத்துக்கோ போயிருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் பிள்ளை பார்ப்பது இரவு எட்டு மணிக்கு. எந்த நிறுவனமும் இந்தச் சந்தையில் வந்து வாட்ஸ்அப்பை விற்கவில்லை, டெமோ காட்டவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததுதான் அதன் விளம்பரம்.

அரசு கட்டுகிற வழிக்கு வருவோம். தமிழ்நாடு இந்த விஷயத்தில் கை நீளமான மாநிலம். 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம், 2018-இன் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி, 2024-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் கைக்கணினிகள், தொடக்கப் பள்ளிகளில் சுமார் 23 ஆயிரம் திறன்மிகு வகுப்பறைகள் என்று பட்டியல் நீளும். இங்கே விலை என்பது டெண்டர் விலை. 1998-இன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் முந்தைய ஆண்டுகளின் விற்றுமுதல், இதே அளவு வேலை செய்த அனுபவம், வைப்புத்தொகை எல்லாம் அடங்கும். மயிலாடுதுறையில் நல்ல கருவி ஒன்றைச் செய்து வைத்திருக்கும் இரண்டு பொறியாளர்கள் அந்த வாசல்படியைக்கூட மிதிக்க முடியாது.

அரசு வாங்குகிற கருவி அரசுக்கு வேண்டியதைச் செய்யும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளமும் அதையொட்டிய செயலிகளும் வருகையை, மதிப்பெண்ணை, சீருடை அளவை, பலவகைத் தகவல்களைச் சேகரிக்கின்றன. எமிஸ் பதிவு வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. ஆசிரியர் வாடிக்கையாளராக இருந்திருந்தால் அந்தச் செயலிகள் நிச்சயம் வேறு மாதிரி இருந்திருக்கும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் தானாக ஒன்றை வாங்கலாமே என்றால், அவர் கையில் இருப்பது சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய். சாக்பீஸ், கரண்ட் பில், கழிப்பறைச் சுத்தம், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள். அதுவும் வர வேண்டும். 2024-25-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம்.

தனியார் பள்ளியில் பேரம் தாளாளர் அறையில் நடக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பிரதிநிதி வருவார். புரொஜெக்டரில் இதயம் துடிக்கும், எரிமலை வெடிக்கும். ஆசிரியர்களில் இருவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும் உண்டு, முடிவு அவர்களுடையதில்லை. தாளாளர் கேட்பது இரண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இது இருக்கிறதா? நோட்டீஸில் போட்டால் அட்மிஷன் கூடுமா? இரண்டுமே நியாயமான வியாபாரக் கேள்விகள்தான்.

பணம் பெற்றோரிடமிருந்து வர வேண்டும். அதற்கு 2009-இன் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயித்ததிலிருந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை தொகை முடிவாகிறது. இடையில் புதுச் செலவு வந்தால் கல்விக் கட்டணத்தில் ஏற்ற முடியாது. ஆகவே அது தனி வரியாக, ‘விருப்பக் கட்டணம்’ என்ற பெயரில், விருப்பமில்லாதவர் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி வந்து சேர்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் பேக்கேஜ் பேசுவதுபோலத்தான். மண்டபம், சாப்பாடு, கலசம், போட்டோ எல்லாம் ஒரே தொகை. மணையில் உட்காருவது பெற்றோர், பணம் கொடுப்பது பிள்ளைகள். தனித்தனியாக விலை கேட்டால் சபையில் அசிங்கமாக இருக்குமே என்று யாரும் கேட்பதில்லை. கருவி விற்பவருக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால், பள்ளியால் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் அந்தப் பேக்கேஜுக்குள்தான் போகிறது.

பள்ளிகளை நம்பி வளர்ந்த கதைக்கு எஜுகாம்ப் சாட்சி. 1994-இல் தொடங்கி, ஸ்மார்ட் கிளாஸ் என்ற சொல்லையே இந்தியப் பள்ளிகளுக்குப் பழக்கிய நிறுவனம். முன்பணம் வேண்டாம், கணினியும் திரையும் பாடமும் நாங்களே பொருத்துகிறோம், மாணவர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று சில ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும் என்றார்கள். விற்பனைக்கு இதைவிட இனிப்பான வாசகம் கிடையாது. 2006-இல் பங்குச் சந்தைக்கு வந்து உச்சத்துக்குப் போனது. பொருளின் முழுச் செலவு முதல் நாளிலேயே நிறுவனத்தின் தலையில். பள்ளியின் தவணையோ பெற்றோர் கட்டினால்தான் வரும். தவணை தாமதமாகத் தாமதமாகக் கடன் ஏறி, 2017-இல் திவால் சட்டத்தின்கீழ் போய் நின்றது. பாடம் மோசம் என்று யாரும் அதைக் கைவிடவில்லை. வசூல் முறைதான் அதைக் கவிழ்த்தது.

பெற்றோரிடம் நேரடியாகப் போன பைஜூஸ் கதை இன்னும் பரவலாகத் தெரிந்தது. ஷாருக் கான் விளம்பரம், 2019-இலிருந்து இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர், 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு. வீட்டுக்கு வந்த பிரதிநிதி விற்றது பாடத்தோடு சேர்த்து ஒரு கடனையும். பல ஆண்டுகளின் முழுத் தொகை தவணைக் கடனாக மாறி, பிள்ளை செயலியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் வங்கியிலிருந்து கழியும். 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே, இத்தகைய நிறுவனங்களுக்குத் தானியங்கிப் பணப்பிடித்தத்தைக் கொடுக்காதீர்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பைஜூஸ் தலைவரை விற்பனை முறைகள் பற்றி விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில், சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக கிரிக்கெட் வாரியம் போட்ட மனுவின் பேரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. சட்டையில் பெயர் போட்ட செலவே கழுத்தைப் பிடித்தது.

மாதாமாதம் தானாகக் கழியும் சந்தா என்பது மாதச் சம்பளக்காரரின் ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து, இப்படிக் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்று விதித்தது நல்லதாயிற்று. தகவல் வந்தாலும் கணக்கில் பணம் வேண்டுமே. டெல்டாவில் பெற்றோரிடம் பணம் வாங்கத்தான் வேண்டும் என்றால் தை, மாசிதான் அதற்குக் காலம்; குறுவை போட்ட ஊர்களில் ஐப்பசியிலும் ஒருமுறை கை நனையும். உரக்கடைக்காரரும் டிராக்டர்க்காரரும் இந்தக் கணக்கில்தான் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். கல்விச் செயலி விற்பவர்கள் அவர்களிடம் போய் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

நன்கொடையாளர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியே நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கொடுப்பவர் திரை, கட்டடம் போன்ற கண்ணுக்குத் தெரிவதைக் கொடுப்பார், பெயர்ப்பலகை வைக்கலாம். ஒரு மென்பொருளின் நான்காவது ஆண்டுச் சந்தாவுக்கு யாரும் கல்வெட்டு வைத்ததில்லை.

ஆசிரியர் பணம் கட்டுவதில்லை என்று மேலே சொன்னதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வகுப்புக் குழுவுக்கும் எமிஸுக்கும் செலவாகிற டேட்டா அவருடைய ரீசார்ஜ். 2024 ஜூலையில் மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றியபோது அந்தச் சுமையை எந்தப் பள்ளியும் ஏற்றதாகக் கேள்விப்படவில்லை. அடுத்தது வினாத்தாள். மாதத் தேர்வுக்குத் தமிழில் வினாத்தாள் அடிக்க மயிலாடுதுறையிலோ செம்பனார்கோயிலிலோ டிடிபி கடைக்குப் போகிறார்கள். கையால் எழுதிக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, மறுநாள் பிழை திருத்தி வாங்க வேண்டும். கடைக்காரர் ‘வானவில்’ என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். டீச்சரின் போனில் திறந்தால் எழுத்துகள் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். போன வருஷத்து வினாவை எடுத்து மாற்றி அடிக்க வழியில்லை, மறுபடி முதலிலிருந்து. இதில் ஜெராக்ஸ் செலவு வேறு. சிறு பள்ளிகளில் இந்தக் காசில் ஒரு பங்கு ஆசிரியரின் பையிலிருந்தே போகிறது. சம்பளம் பத்தாயிரத்தைச் சுற்றி நிற்கிற மெட்ரிக் டீச்சருக்கு இது சின்னக் காசில்லை.

விலையை நிர்ணயிக்க ஒரு பிடி இங்கேதான் கிடைக்கிறது. எரிமலை வெடிக்கிற காணொளிக்கு எவ்வளவு கேட்கலாம் என்பது யாருக்கும் தெரியாது, ஒப்பிட ஒன்றுமில்லை. வினாத்தாளுக்கு டிடிபி கடையின் ரேட் இருக்கிறது. பாடநூலின் வரிசைப்படி வினாக்களை எடுத்து, யூனிகோடில் பிழையில்லாமல் அடுக்கி, இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்து, கேட்டபோது கோப்பாக வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு கருவி ஆண்டுக்கு 500 ரூபாய் என்றால், அது சில மாதத்து டிடிபி செலவுதான். ஆசிரியர் யாரிடமும் அனுமதி கேட்காமல் யுபிஐயில் கட்டிவிடக்கூடிய தொகை. பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு விட்டுவிடுவார். பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் ஆசிரியர்கள் டெலிகிராமிலும் கல்விச்செய்தி, பாடசாலை போன்ற தளங்களிலும் இலவசமாகவே பகிர்ந்துகொள்கிறார்களே என்று கேட்கலாம். பொருளுக்கு அவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். நியூயார்க் ஆசிரியர் ஒருவர் 2006-இல் தொடங்கிய ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ சந்தை அமெரிக்காவில் ஓடியதுபோல இங்கே ஓடாது; பாடக்குறிப்பை விற்றால் சக ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மிச்சப்படுத்தித் தருகிற வேலைக்குக் காசு கொடுப்பார்கள்.

விளம்பரத்துக்குக் கிரிக்கெட் சட்டை வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் குறுவள மையக் கூட்டங்களில் கூடுகிறார்கள். பயிற்சி நடக்கும், டீ வரும், டீ இடைவேளையில் பக்கத்துப் பள்ளி சார் தன் போனை நீட்டி ‘இதைப் பாருங்க மேடம், பத்து நிமிஷத்துல அடிச்சேன்’ என்பார். தனியார் பள்ளி ஆசிரியர்கள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையங்களில் மற்றப் பள்ளி ஆட்களைச் சந்திக்கிறார்கள். கைடு கம்பெனிக்காரர்களுக்கு இந்த இடங்களெல்லாம் அத்துப்படி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து 3,000 ஆசிரியர்கள் இப்படிக் கட்டினால் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய். பெங்களூரு முதலீட்டாளர் இந்தத் தொகைக்குப் போனைக்கூட எடுக்க மாட்டார். மயிலாடுதுறையில் இரண்டு பேர் நடத்துகிற கடைக்கு, சர்வர் வாடகையும் இருவர் சம்பளமும் போக, அடுத்த பாடநூல் மாறும்போது வினாக்களைப் புதுப்பிக்கவும் கொஞ்சம் மிஞ்சும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை.